யன்னல் பக்கத்துப் பள்ளம்

புருஷன் மௌத்தாகி, நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு துக்கம் காக்கிற இத்தாவில் இருக்கிற பெண் என்னென்ன செய்யலாம், என்னென்ன செய்யக் கூடாது என்று கல்முனைக்குடியில் கேட்டால் வீட்டுக்கு ஒரு பதில் கிடைக்கும். அத்தர் பூசக் கூடாது, நகை போடக் கூடாது, அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது என்பதில் எல்லாரும் ஒன்றாக நிற்பார்கள். தொலைபேசியில் கதைக்கலாமா, யன்னலைத் திறந்து வைக்கலாமா என்று வரும்போது இரண்டாகப் பிரிவார்கள். சிலை வார்க்கிற பரிஸ் சாந்து குழைக்கலாமா என்பதைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. நஸீறா டீச்சருக்கு முன்னால் அந்தத் தேவை இந்தக் கரையில் ஒருத்திக்கும் வந்ததில்லை.

நஸீறா பெண்கள் பாடசாலை ஒன்றில் சித்திரம் படிப்பிக்கிறவள். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. படிப்பித்தது போக மிச்ச நேரத்தில் சிற்பம் செய்வாள். சிற்பம் என்றால் ஆளைச் செய்வதில்லை. இடுப்பில் குடத்தோடு நிற்கிற பெண்ணை அவள் செய்யமாட்டாள். குடத்துக்கும் இடுப்புக்கும் வளைந்த கைக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறதல்லவா, அதைச் செய்வாள். வகுப்பில் ஒரே வாங்கில் இருக்கிற இரண்டு பிள்ளைகள் தலையைச் சாய்த்து இரகசியம் பேசினால், அந்த இரண்டு கழுத்துக்கும் நடுவில் கிடக்கிற இடத்தைச் செய்வாள். குழைத்த சாந்தை ஒரு சொப்பிங் பேக்கில் ஊற்றி, வாயை முடிந்து, அந்த இடத்தில் வைத்து அணைத்துப் பிடிக்கச் சொல்வாள். சாந்து இறுகும்போது சூடு கிளம்பும். "டீச்சர் சுடுது" என்று பிள்ளைகள் நெளிவார்கள். நெளிந்தால் வேலை கெட்டுவிடும் என்று அதட்டுவாள். இறுகிய பிறகு பையை உரித்தால், இரண்டு உடம்புக்கு நடுவில் இவ்வளவு நாளும் சும்மா கிடந்த காற்று கையில் எடுக்கக் கூடிய பொருளாக வந்திருக்கும்.

ஸுஜூதில், நெற்றியை நிலத்தில் வைத்துக் கிடக்கிற ஒரு பெண்ணின் நெஞ்சுக்கும் தொழுகைப் பாய்க்கும் இடையில் உள்ள இடத்தை ஒருமுறை வார்த்தாள். கொழும்பில் கண்காட்சிக்கு வைத்தபோது அதற்கு முன்னால் ஆட்கள் நகராமல் நின்றார்களாம். கல்முனையில் அதைப் பார்த்தவர்கள் கரணைக்கிழங்கா என்று கேட்டார்கள். ஊரில் அவற்றுக்குப் பெயர் 'டீச்சர்ர கட்டிகள்'.

உருவம் செய்கிறாள் என்று யாரோ போய்ச் சொல்லி, பள்ளிவாசலிலிருந்து மௌலவி ஒருவர் விசாரிக்க வந்ததும் உண்டு. எல்லாக் கட்டிகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண்ணுமில்லை, முகமுமில்லை, இதில் நான் என்ன சொல்ல என்று சிரித்துவிட்டு, காற்றுக்கு அடிக்கிற கதவுக்கு அண்டை கொடுக்க ஒன்று கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு நஸீறாவின் தலை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. நான் உருவம் செய்கிறவள் இல்லை, உருவம் இல்லாத இடத்தைச் செய்கிறவள் என்று கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொல்லிச் சொல்லி, பாடசாலைக் காவலாளி வரைக்கும் அது மனப்பாடம்.

அவளுடைய கணவர் அஹ்ஸன் கட்டாரில் ஏசி திருத்துகிற வேலை. கலியாணம் முடிந்த இரண்டாம் மாதமே போனவர், பதினொரு வருடம் அங்கே. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். வந்தால் நல்ல மனிதர்தான். சோறு நல்லாயிருக்கு என்பார், குழாய் ஒழுகினால் திருத்துவார், பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். பிள்ளை கிடைக்கவில்லை. நாற்பது நாளுக்குள் நடக்க வேண்டிய காரியங்களின் வரிசையில் அதுவும் ஒன்றாக நின்று, ஒவ்வொரு முறையும் அடுத்த லீவுக்குத் தள்ளிப் போனது. நஸீறா அவரிடம் கேட்ட ஒரே ஒரு விஷயமும் அப்படித்தான் தள்ளிப் போனது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறபோது நடுவில் வருகிற இடத்தை ஒருமுறை வார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவருக்கு வெட்கம். ஆட்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பார். அடுத்த லீவில் பார்ப்போம் என்பார்.

கடைசியாக அவர் வந்தது லீவில் இல்லை. ஈரலில் புற்று என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் வீட்டில், யன்னல் பக்கமாகக் கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்ந்து கிடந்தார். உடம்பு நாளுக்கு நாள் உருகியது. அந்த உடம்பில் சாந்துப் பையை வைத்து அமுக்கிப் பிடிக்கக் கேட்க எந்த மனைவிக்கு வாய் வரும். அவள் கேட்கவில்லை. அந்தக் கட்டிலிலேயே, கலிமா சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

இனி சல்மா உம்மா. அஹ்ஸனின் தாய், மருதமுனைக்காரர். இந்தக் கரையில் வீடு என்பது பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மாப்பிள்ளையின் தாய் விருந்தாளியாக வந்து, தேத்தண்ணி குடித்து, பொழுதுபட்டு மஃரிப் தொழுகிற நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவார். மருமகள் வீட்டில் மாமி தங்குவது வழக்கமில்லை. ஆனால் நஸீறாவுக்கு உம்மாவும் இல்லை, வாப்பாவும் இல்லை. ஒரே தங்கச்சி கண்டியில் வாழ்க்கைப்பட்டவள், ஜனாஸாவுக்கு வந்து ஒரு கிழமை நின்றுவிட்டுப் போய்விட்டாள். இத்தாக்காரியைத் தனியாக விடலாமா என்று சொல்லி சல்மா உம்மா உடுப்புப் பையோடு வந்து இறங்கினார். மகன் மௌத்தான வீட்டில் இருக்கவேண்டும் என்ற ஆசையும் அதற்குள் இருந்தது.

இரண்டு பெண்கள் ஒரே ஆளுக்காக ஒரே வீட்டில் துக்கம் காத்தார்கள், ஒருவரோடு ஒருவர் தேவைக்கு மேல் கதைக்காமல். சல்மா உம்மாவுக்கு மருமகள் மேல் இரண்டு குறை. ஒன்று, அவள் அழவில்லை. ஜனாஸா தூக்கும்போது கூட சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது அதைவிட மோசம். மௌத்தான நாளிலிருந்து அவள் அந்தக் கட்டிலில் படுக்கவில்லை. பக்கத்தில் நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிறாள். பார்க்க வந்த பெண்களிடம் சல்மா உம்மா இதைத் தாழ்ந்த குரலில் சொல்வார். அவருடைய தாழ்ந்த குரல் அறைக்குள் தெளிவாகவே கேட்கும்.

"என்ட மகன் கிடந்த இடம் அவக்கு அரியண்டமாம்" என்று ஒருநாள் சொன்னது நஸீறாவின் காதில் நேராக வந்து விழுந்தது.

அரியண்டமில்லை, அருவருப்புமில்லை. அவள் அந்த மெத்தையைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். இலவம்பஞ்சு மெத்தை. கலியாணத்துக்கு உம்மா தைத்துக் கொடுத்தது. பஞ்சு மெத்தை ஒரு உடம்பை மறப்பதில்லை. படுக்கிற இடத்தில் பஞ்சு ஒதுங்கி ஒதுங்கி ஒரு பள்ளம் விழும். யன்னல் பக்கம், அஹ்ஸன் கிடந்த பக்கத்தில், ஆழமாக ஒரு பள்ளம் இருந்தது. விரிப்பை எடுத்துவிட்டு, வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் பார்த்தால் அதன் ஓரங்களில் நிழல் விழும். அதைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் அவள் இத்தாவில் செய்த பெரிய வேலை. புகைப்படங்கள் இருந்தன, போனில் குரல் இருந்தது. அவருடைய உடம்பு இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு இந்த உலகத்தில் இருந்தது என்பதற்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதில் தான் படுத்தால் அது கலைந்துவிடும் என்றுதான் பாயில் படுத்தாள்.

மௌத்தானவர் பாவித்த சாமான்களை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது ஊர் வழக்கம். கொடுக்கிற நன்மை அவருக்குப் போய்ச் சேரும். சேட்டுகளும் சாறன்களும் கத்தம் ஓதிய கிழமையே போய்விட்டன. சப்பாத்து, கைக்கடிகாரம், கட்டாரிலிருந்து கொண்டுவந்த பெட்டி எல்லாம் போய்விட்டன. மெத்தை மட்டும் மிச்சம். பள்ளி மோதினார் பக்கீர் முகைதீன், ஐந்து நேரமும் பாங்கு சொல்கிற ஏழை மனிதர், வெறும் பலகைக் கட்டிலில் படுக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவருக்கே அதைக் கொடுப்பதாக சல்மா உம்மா வாக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மோதினார் த்ரீவீலோடு வந்து எடுப்பார்.

இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் மாமி என்று நஸீறா கேட்டாள். ஏன் என்று அவர் கேட்டார். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு மாமியிடம் எப்படிச் சொல்வது. அவள் விரிப்பின் மடிப்பை இழுத்துச் சரிசெய்தாள். சல்மா உம்மா அதையும் அவளுடைய கணக்கில் எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை நஸீறா சிவரூபினிக்குத் தொலைபேசி எடுத்தாள். சிவரூபினி அதே பாடசாலையில் நடனம் படிப்பிக்கிறவள், பாண்டிருப்புக்காரி, நஸீறாவின் பாதிக் கட்டிகளுக்கு உடம்பு கொடுத்தவள். வியாழக்கிழமை சல்மா உம்மாவுக்கு சீனி வருத்தத்துக்கான கிளினிக். காலையில் போனால் ஊசி, இரத்தம், வரிசை என்று பகல் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். அவருடைய த்ரீவீல் சந்தி திரும்பியதும், சிவரூபினி ஸ்கூட்டியின் காலடியில் பரிஸ் சாந்து மூட்டையை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

விரிப்பை எடுத்து நஸீறா பள்ளத்தைக் காட்டியபோது சிவரூபினி குனிந்து பார்த்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு மெல்லக் கேட்டாள்.

"டீச்சர், குறை நினைக்காதிங்க. இவ்வளவு நாளும் நீங்க ஆக்களச் சுத்தி இருக்கிற இடத்தத்தானே வார்த்த. இது பள்ளம். பள்ளத்துக்குள்ள ஊத்தினா வாறது இடமில்ல, ஆள்."

"ஓம், தெரியும்."

"பொறகு உருவம் எண்டு சொல்லுவாங்களே."

"சொல்லட்டும். உருவம்தான்" என்றாள் நஸீறா. "ஒருக்கா மட்டும். இத யாருக்கும் காட்ட மாட்டன்."

ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த வசனத்தை அவள் அந்த அறையில் வைத்து ஒரே நிமிடத்தில் கைவிட்டாள். கைவிடுவது கஷ்டமாகவும் இருக்கவில்லை. தத்துவமெல்லாம் ஆள் உயிரோடு இருக்கும்வரைதான். அவளுக்கு இப்போது வேண்டியது அஹ்ஸனின் முதுகு.

வேலை சுலபமானதில்லை. சாந்தை மொத்தமாக ஊற்றினால் பாரத்துக்குப் பஞ்சு இன்னும் கீழே போய் வடிவம் மாறிவிடும். பெரிய பொலித்தீன் விரித்தால் சுருக்கம் விழும். சோறு சுற்றுகிற லன்ச் ஷீட் தாள் மெல்லியது, பட்ட இடத்தில் படிந்து நிற்கும். ஒரு கட்டு லன்ச் ஷீட்டை ஒன்றின் விளிம்பில் ஒன்றாகப் பள்ளம் முழுக்கப் பரப்பினார்கள். முதலில் பால் பதத்தில் ஒரு மெல்லிய பூச்சு. அது இறுகியதும் தேங்காய்த் தும்பைச் சாந்தில் தோய்த்து அதன் மேல் அடுக்கினார்கள். தும்பு இருந்தால் வார்ப்பின் ஓடு மெல்லியதாக இருந்தாலும் உடையாது. சிவரூபினி முழங்கை வரை வெள்ளையாக நின்றாள். நஸீறா வெள்ளைச் சேலையில் இருந்தபடியால் அவளில் அது தெரியவில்லை. சாந்து சூடேறியபோது மெத்தையிலிருந்து மெல்லிய வெப்பம் எழும்பியது. நஸீறா அதன் மேல் கையை வைத்து, அது ஆறும்வரை எடுக்காமல் இருந்தாள். சிவரூபினி அந்தப் பக்கம் திரும்பி வாளியைக் கழுவினாள்.

ஓரிரவு காயட்டும், அவசரப்பட்டுத் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு சிவரூபினி போனாள். நஸீறா மேலே விரிப்பைப் போட்டு மூடினாள். கிளினிக்கிலிருந்து வந்த சல்மா உம்மா வாசலிலேயே ஈரச் சுண்ணாம்பு வாசம் அடிக்கிறது என்றார். சுவரில் பூஞ்சணம், சுரண்டினேன் என்று இவள் சொன்னாள். இத்தாவில் சொன்ன முதல் பொய்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கொஞ்ச நேரம் முன்னால், சல்மா உம்மா குசினியில் இருந்த நேரம் பார்த்து அறைக் கதவைச் சாத்தினாள். வார்ப்பின் ஓரத்தில் விரலை விட்டு அசைத்துப் பார்த்தாள். விட்டுக்கொடுத்தது. ஒரு முனையைத் தூக்கி, கட்டிலின் தலைமாட்டில் சாய்த்து நிமிர்த்தினாள். ஒட்டியிருந்த லன்ச் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்தாள். பிறகு இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

அவள் எதிர்பார்த்தது ஒரு முதுகு. அஹ்ஸன் உயரமான மனிதர், காலை நீட்டினால் குதிக்கால் கட்டிலுக்கு வெளியே நிற்கும். படுத்தால் மல்லாந்துதான் படுப்பார். நோயில் சதை உருகியது உண்மை, ஆனால் எலும்பு நீளத்தில் குறையாதே.

முன்னால் நின்றது முதுகு இல்லை. ஒருக்களித்துப் படுத்த ஓர் உடம்பின் வலது பக்கம். ஒடுங்கிய தோள். அதற்குக் கீழே உள்ளே போன இடை. அங்கிருந்து மேடாக எழும்புகிற இடுப்பு. வயிற்றை நோக்கி மடங்கிய தொடை, அதற்கடுத்து முழங்கால் குத்திய குழியின் வார்ப்பு. மொத்த நீளம் மெத்தையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. மற்றவர் யாராவது பார்த்தால் டீச்சர்ர இன்னொரு கட்டி என்றிருப்பார்கள். இருபது வருடமாக உடம்புகளின் ஓரங்களைப் பார்த்துப் பழகியவளுக்கு அது பெண் என்று தெரிய ஒரு நிமிடம் எடுக்கவில்லை. யார் என்று தெரியத்தான் நேரம் எடுத்தது. ஆளைத் தெரிந்துகொள்ள மனம் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

அவள் பாயில் போய்ப் படுத்தாள். எப்போதும் படுக்கிறபடி, வலப் பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கினாள். தோளிலிருந்து இடுப்பு வரை தன் கையால் சாண் போட்டாள். எழும்பி வந்து வார்ப்பில் சாண் போட்டாள். இரண்டும் ஒரே அளவு.

அது தெரியாத விஷயமில்லை, நினைக்காத விஷயம். அவர் முதன்முதல் கட்டாருக்குப் போன அன்றைக்கே அவள் கதவுப் பக்கத்திலிருந்து அவருடைய பக்கத்துக்கு மாறிப் படுத்துவிட்டாள். அங்கே தலையணையில் அவருடைய வாசம் இருந்தது. வாசம் போன பிறகும் அங்கேயே படுத்தாள். லீவில் அவர் வரும்போது தன் பக்கத்துக்கு நகர்வாள், அவர் போனதும் திரும்ப நகர்வாள். இது அவ்வளவு பழகிப் போனதால், தான் படுத்த இடத்துக்கு அவள் மனதில் வேறு பெயரே வரவில்லை. அது எப்போதும் 'அவர்ர பக்கம்'தான். அந்தப் பெயரை நம்பித்தான் பள்ளத்தையும் அவருடையது என்று நினைத்தாள். வார்ப்பின் நடுவில், இடுப்புக்கு மேலே, தட்டையாக ஒரு சின்னப் புடைப்பு தெரிந்தது. அது அவருடையதாக இருக்கலாம், தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்த நான்கு மாதத்தினுடையது. விரல் நகத்தளவு உயரம் கூட இல்லை.

அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம். அவர் மேல் கோபம், அந்த நாற்பது நாட்கள் மேல் கோபம், அடுத்த லீவு என்ற சொல்லின் மேல் கோபம். மெத்தையில் ஒரு பள்ளம் விழுகிற அளவுக்காவது இந்த வீட்டில் கிடந்திருக்கக் கூடாதா என்று அந்த மையித்தோடு சண்டை பிடிக்கவேண்டும் போல் இருந்தது. தன் மேலும் கோபம்தான். இத்தனை நாளும் பாயில் படுத்து, மாமியின் வாயில் விழுந்து, அவள் காவல் காத்தது தன்னையே.

அப்போதுதான் சல்மா உம்மா தேத்தண்ணியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

தலைமாட்டில் வெள்ளையாகச் சாய்ந்து நின்றதைக் கண்டதும் கோப்பையை நிலத்தில் வைத்தார். அது மெத்தையின் வார்ப்பு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. விரிப்பில்லாத மெத்தையையும் பள்ளத்தையும் வெள்ளை உருவத்தையும் மாறி மாறிப் பார்த்து அவரே விளங்கிக்கொண்டார். மருமகளின் கட்டிகளைப் பற்றி பதினொரு வருடமாகப் பகிடி பண்ணினாலும் அவை எப்படி வருகின்றன என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. நஸீறா வசவை எதிர்பார்த்து நின்றாள். சல்மா உம்மா கட்டிலில் ஏறி இருந்து, உருவத்தின் தோளில் கையை வைத்தார்.

"ஒடுங்கிப் போனானே என்ட புள்ள" என்றார். தோளிலிருந்து இடுப்பு வரை தடவினார். திரும்பவும் தோளிலிருந்து தொடங்கினார். குழந்தையை நித்திரையாக்குகிற தடவல். மெலிந்துவிட்டான், சின்னப் பிள்ளை மாதிரி முடங்கிவிட்டான், கடைசியில் எவ்வளவு நோவைத் தாங்கியிருப்பான் என்று உருவத்தோடேயே கதைத்தார். கண்ணீர் நாடியில் வழிந்து சாந்தில் விழுந்தது. புதுச் சாந்து அதை உடனே குடித்தது. பக்கத்தில் நின்ற நஸீறாவுக்கு, ஏன் என்று சொல்லத் தெரியாமல், தன் வலது விலா கூசியது.

"நான் உன்னப் பிழையா நினைச்சிட்டன் புள்ள" என்றார் சல்மா உம்மா திரும்பாமலே. "நீ இதுக்குத்தான் மேல படுக்காம இருந்தியா? மெத்தை போகட்டும். இத எனக்குத் தருவியா? மூடித்தான் வைப்பன். ஒருத்தருக்கும் காட்ட மாட்டன்."

தலையாட்டினால் போதும். மாமிக்கு மகன் கிடைப்பான். இவளுக்கு இத்தனை நாள் இல்லாத நல்ல பெயர் கிடைக்கும். பதினொரு வருடத் தனிமையும் ஒரு துணிக்குள் மூடப்பட்டு மருதமுனைக்குப் போய்விடும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தாய் சாகும்வரை மருமகளின் இடுப்பைத் தடவி மகனே மகனே என்று அழுவதை நினைக்க அவளால் முடியவில்லை.

"மாமி, அது அவர் இல்ல" என்றாள். "நான்."

சல்மா உம்மாவின் கை நின்றது.

நஸீறா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் போனதும் அங்கே மாறிப் படுத்ததை, வந்தால் நகர்ந்ததை, போனால் திரும்பியதை. சொல்லும்போது மாணவிகளுக்குப் பாடம் சொல்கிற குரல்தான் வந்தது. சல்மா உம்மா எழும்பி, கதவுப் பக்கத்து மெத்தையில் உள்ளங்கையை வைத்து அமுக்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் தைத்த நாளில் இருந்ததைப் போலத் திடமாக, மேடாக இருந்தது. பிறகு யன்னல் பக்கத்துப் பள்ளத்துக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை இறங்கியது.

"இவ்வளவு காலமும் நீ இப்பிடியா கிடந்த?" என்றார்.

சல்மா உம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவு திறந்து கிடந்த அலுமாரியில் பெண் உடுப்புகள் மட்டும் தொங்கின. கொக்கியில் ஒன்றுமில்லை. மகனுடையது என்று அவர் ஏழைகளுக்குக் கொடுத்ததும் அந்த ஒரு கட்டார்ப் பெட்டி கொள்ளுகிற சாமான்தான். யன்னல் தட்டில் இருந்தது இவளுடைய மூக்குக் கண்ணாடி. கட்டாரிலிருந்து மகன் மாதா மாதம் போனில் எங்கட வீடு, எங்கட வீடு என்று சொன்ன வீட்டின் அறை இது. அவர் எதையோ தேடுவதைப் போல நின்றார், அது கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலைகிற சத்தம் கேட்டது. கொஞ்சத்தில் படலையடியில் த்ரீவீல் வந்து நின்றது. பக்கீர் முகைதீன் ஸலாம் சொன்னார். நஸீறா வெளியே தெரியாதபடி திரைக்குப் பின்னால் ஒதுங்கினாள். மெத்தையை இழுத்துக் கொடுக்க மாமி ஆட்களைக் கூப்பிடுவார், அதற்கு முன் வார்ப்பை எங்கே ஒளிப்பது என்று பார்த்தாள். சல்மா உம்மா ஆட்களைக் கூப்பிடவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு படலைக்குப் போனார். அவருடைய குரல் அறைக்குள் தெளிவாகக் கேட்டது.

"மோதினார், குறை நினைக்காதிங்க. மெத்தையத் தர ஏலா. அது என்ட மருமகள்ட. என்ட மகன் இந்த வீட்டுக்கு லீவில வந்து போன ஆள். அவன்ட எண்டு கொடுக்க இஞ்ச ஒண்டுமில்ல."

மோதினார் ஏதோ சொன்னார். உங்களுக்குப் புது மெத்தை ஒன்று நான் தைப்பித்துத் தருவேன், அவன் பேரில் தருவேன் என்று சல்மா உம்மா சொல்வது கேட்டது. த்ரீவீல் திரும்பிப் போனது.

அந்தச் சத்தம் சந்தியைத் தாண்டும்வரை நஸீறா திரைக்குப் பின்னால் நின்றாள். பிறகு அழுதாள். ஜனாஸா அன்றைக்கு வராத அழுகை, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற அழுகை. இத்தாக்காரியின் குரல் வெளியே கேட்கலாமா கூடாதா என்ற யோசனை அவளுக்கும் வரவில்லை, உள்ளே வந்த சல்மா உம்மாவுக்கும் வரவில்லை. அவர் வந்து கதவைச் சாத்தினார். வார்ப்பைப் பிடித்து, உடைந்துவிடாமல், மெல்லச் சுவரோடு சாய்த்து வைத்தார். மெத்தையில் கிடந்த சாந்துத் துகளைக் கையால் தட்டிவிட்டு விரிப்பை விரித்தார்.

"ஏறிப் படு" என்றார்.

நஸீறா ஏறினாள். யன்னல் பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கி, பள்ளத்துக்குள் உடம்பை வைத்தாள். அழுகை ஓயவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பின்னால், கதவுப் பக்கத்து மெத்தை மெல்ல அமுங்கியது. சல்மா உம்மாவும் படுத்தார்.